அம்மாவின் போனில் அவங்க

அம்மாவின் போன் மக்கர் பண்ணினால் எனக்குத்தான் கோபம் வரும், அவளுக்கு வராது. பாதிப் பேச்சில் திரை அப்படியே நின்றுவிடும். நான் இங்கே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பேன். பிறகு எப்படியோ உயிர் வந்து, "மெமரி ஃபுல்லுன்னு காட்டுதுடி" என்பாள், விருந்தில் வயிறு நிறையச் சாப்பிட்டவள் மாதிரி நிதானமாக. அவளுக்குப் புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்றால் இது அப்பா வாங்கிக் கொடுத்தது, இதுவே போதும் என்று முடித்துவிடுவாள்.

எனக்குப் பொறுமை கிடையாது. தஞ்சாவூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை. சரியாக ஓடாத எதைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். இந்த வருஷம் கோடை முடியப்போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, வலங்கைமான் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு ஒரு முடிவோடுதான் பஸ் ஏறினேன். உள்ளே இருப்பதையெல்லாம் பேக்கப் எடுத்துவிட்டு, போனைக் கடையில் வாங்கின நிலைக்கே கொண்டுபோய், மறுபடி எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்துவிடுவது.

"எல்லாம் போயிடாதே?" என்றாள் அம்மா, மாதா கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டே.

"வெள்ளையடிக்கறப்ப சாமானெல்லாம் வெளிய எடுத்து வச்சுட்டு திரும்ப உள்ள வைக்கிறதில்ல? அது மாதிரிதாம்மா."

அது அவளுக்குப் புரிந்தது. சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, "பூசை முடிஞ்சு நேரா வந்துடுவேன். வந்ததும் எனக்கு போன் வேணும், பாத்துக்க" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அவளுக்கு அந்தச் சமயம் வேறு நினைப்பே கிடையாது. அப்பா போன தை மாதம் சம்பா அறுப்பு முடிந்த கையோடு இறந்துபோனார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என்னோடு வந்து இரு என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முதல்முறையாகத் தன் பொறுப்பில் குறுவைக்கு நாற்று விட்டிருந்தாள். ஆற்றில் தண்ணீர் வரும்வரை போர்வெல் தண்ணீரை நம்பித்தான் நாற்றங்கால். அது பிழைத்தால் நட வேண்டியது, கருகினால் இந்த வருஷம் குறுவையே இல்லை. ஊரில் சிலர் அவள் எப்போது கையை விரிப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்ததும் அவளுக்குத் தெரியும்.

போனைத் திறந்தேன். குட்மார்னிங் ரோஜாக்கள், குட்மார்னிங் இயேசு, குட்மார்னிங் கிளி. ஒரே கல்யாணப் பந்தியின் வீடியோ நாலைந்து பேர் அனுப்பி நாலைந்து தடவை. நடுவில் உரக்கடைக்காரருக்குக் காட்டுவதற்காக எடுத்த மஞ்சள் பூத்த இலைகள். கிளிகளை விரட்டிவிட்டு இலைகளை வைத்துக்கொண்டேன்.

பிறகு எண்கள். அம்மா யாரையும் பெயர் போட்டு வைத்ததில்லை. டிராக்டர், உரக்கடை, மீன்காரம்மா, பெரிய நாத்தனா என்று வரிசையாக இருக்க, எல்லாவற்றுக்கும் மேலே 'அவங்க' என்று ஒன்று இருந்தது.

அதை அடித்தது நான்தான். அப்பா இந்தப் போனை வாங்கி வந்த அன்று, அவர் எண்ணை என்ன பேரில் போடட்டும் என்று கேட்டேன். அப்பா பெயரை அம்மா வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வாள். "அவங்கன்னு போடு" என்றாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

அம்மா யார் யாரோடு பேசுகிறாள் என்று பார்க்கிற எண்ணமெல்லாம் எனக்கில்லை. ஆனால் அழைப்புப் பட்டியல் கண்ணில் பட்டுவிட்டது. அவங்க. அவங்க. நடுவில் நான், ஒரு டிராக்டர், மறுபடி அவங்க. நேற்றுக்கூட. இறந்துபோனவரை அம்மா தினமும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

தைரியமாக இருக்கிறாள் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேனே, இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து இதையா செய்துகொண்டிருக்கிறாள் என்று தாங்கவில்லை. நானே அந்த எண்ணை அழுத்திப் பார்த்திருக்கலாம். தைரியம் வரவில்லை. எண் வேறு யாருக்காவது போயிருந்து, எந்த ஊர்க்காரனாவது எடுத்து "யாருங்க?" என்று கேட்டுவிட்டால்?

வெகுநேரம் யோசித்தேன். பிறகு, புண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தால் ஆறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 'அவங்க'வை அழித்தேன். மீதியைப் பேக்கப்பில் ஏற்றினேன். எல்லாவற்றையும் அழிக்கவா என்று போன் இரண்டு முறை கேட்டது. ஆமாம் என்றேன்.

அம்மா வரும்போது எல்லாம் இறங்கி, போன் பளிச்சென்று இருந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டு, "குடு குடு, த்ரீ பேஸ் கரண்டு வந்துடுச்சு" என்று வாங்கினாள். விரலால் தள்ளினாள். மேலே போனாள், கீழே வந்தாள்.

"என்னடி, அவங்களக் காணும்?"

நான் தயாராகத்தான் இருந்தேன். அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, நீ தினம் கூப்பிடறதப் பாத்தேன். அப்பா இல்லம்மா. இப்படியே கூப்பிட்டுக்கிட்டிருந்தா ஒன் ஒடம்பு என்னத்துக்கு ஆவும்? அழணும்னா என்கிட்ட அழும்மா."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ என்னடி சொல்ற? மோட்டாரு போடணும்டி!"

வயலில் மோட்டாரோடு ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்களாம். அதற்குள் ஒரு சிம். வீட்டிலிருந்து கூப்பிட்டு ஒன்றாம் எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும். "புது சிம்முக்கு ஆதாரு, கைரேகைன்னு அலையவிட்டாங்க. அவங்க சிம்மு சும்மாதான கெடந்துச்சு, மெக்கானிக்கு அதையே போட்டுட்டாரு. எங்கடி அந்த நம்பரு?"

"நான் ஓடிப்போய் கையால போட்டுட்டு வரேம்மா."

"எப்படிப் போவ? வாய்க்கா தூர்வார வந்த மிஷினு வயலுக்குப் போற மூங்கில் பாலத்தப் புடுங்கிப் போட்டுடுச்சு. ரோட்டச் சுத்திப் போறதுக்குள்ள கரண்டு போயிடும். நேத்தும் பாதி நாத்தங்காலுக்குத்தான் பாஞ்சுது. இன்னைக்கும் காஞ்சா நாத்து தாங்காதுடி!"

அவள் குரல் உடைந்தது. அப்பா இறந்தபோதுகூட அந்தக் குரலை நான் கேட்கவில்லை. பேக்கப்பைத் திரும்பத் திரும்பத் துழாவினேன். உரக்கடை இருந்தது, மீன்காரம்மா இருந்தார். அழைப்புப் பட்டியலை நான் ஏற்றவே இல்லை, அது காலி. 'அவங்க' எப்படி இருக்கும்? ஏற்றுவதற்கு முன்பே எடுத்துப்போட்ட புத்திசாலி நான்தானே.

அப்புறம்தான் என் போன் ஞாபகத்துக்கு வந்தது. திறந்தேன். 'அப்பா' அப்படியே இருந்தது. அம்மாவின் போனில் அழித்த நான், என் போனில் ஒருநாளும் அழிக்கவில்லை.

எண்ணைப் பார்த்து அவள் போனில் அடித்தேன். "மோட்டார்னு போடவா?"

"இருந்த மாதிரியே போடு. எனக்குப் பழக்கம்."

போட்டுக் கொடுத்தேன். அம்மா அழுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டாள். பதிவு செய்து வைத்த பெண்குரல் எனக்கும் கேட்டது. ஒன்றை அழுத்தினாள். மோட்டார் ஓடத் தொடங்கியது என்றது அந்தக் குரல்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

எத்தனையோ வருஷமாக அப்பா போனில் என்ன சொன்னாலும் இவள் இப்படித்தான் சொல்லி வைப்பாள். அதே பணிவு, அதே அவசரம். தான் சொன்னது அவளுக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. வாசலுக்குப் போய் வயல் பக்கம் காதைக் கொடுத்து நின்றாள். தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டதும் முகம் தெளிந்தது. உள்ளே வந்தவள் மேசையில் கிடந்த என் போனைப் பார்த்தாள். திரையில் 'அப்பா' இன்னும் அணையாமல் இருந்தது.

"நீ மட்டும் வச்சிருக்க" என்றாள். கோபமில்லை.

அவள் தலைப்பால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"மெக்கானிக்கு வரட்டும், ஒன் நம்பரையும் பொட்டியில ஏத்தச் சொல்றேன். எனக்கு முடியாத அன்னைக்கு தஞ்சாவூர்லேருந்து நீ கூப்புடு."

அழணும்னா என்னிடம் அழு என்று அவளுக்கு நான் சொல்லியிருந்தேன். அவள் நாற்றுக்குத் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்கத் தெருமுனைக்குக் கிளம்பிவிட்டாள். அழுதது நான்தான்.