ஆத்தூர் தோட்டத்தில் ஒரு சல்லடை

போன ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணனோடும் அவர் மகள் ஜெனிட்டாவோடும் ஆத்தூர் பஸ் ஏறினேன். பிக்னிக்கா? அட, நீங்க வேற... கோபர் கேஸ் பார்க்க!

ஜெனிட்டா ஆராய்ச்சி மாணவி. கண்ணுக்கே தெரியாத ஓட்டைகள் நிறைந்த ஒரு மெல்லிய தாள் செய்திருக்கிறாள். கலந்து வரும் வாயுக்களில் கார்பன் டை ஆக்சைடை அது தனியே பிரித்து அனுப்பிவிடுமாம். சாணத்திலிருந்து வரும் கோபர் கேஸில் அந்த எரியாத சங்கதி நிறைய. அதைக் கழித்துவிட்டால் அடுப்பு ஜோராக எரியும்.

லேபில் சிலிண்டர் வாயுவோடு ஜெயித்த தாள்தான். அசல் சாணத்தோடு இதுதான் முதல் பரீட்சை.

அண்ணன் கணக்கு வாத்தியார். கறாராகச் சொல்லிவிட்டார்: "படிச்சது போதும்த்தா. நம்ம ஸ்கூல்ல வேலை காலியா இருக்கு. இன்னைக்கு எரியலைன்னா நாளைக்கே போய்ச் சேந்துரு." பாவம், பிள்ளைக்குக் காலையில் இட்லியே இறங்கவில்லை.

தோட்டக்காரர் முருகேசன், அண்ணனுக்குச் சிநேகிதர். அவருடைய சாணத் தொட்டியிலிருந்து பம்ப் வழியாக ஒரு ஸ்டீல் பெட்டிக்குள் வாயு போனது. பெட்டிக்குள் தாள். வெளியே இரண்டு டியூப்.

ஜெனிட்டா பம்ப் பக்கம் குனிந்திருந்தாள். அண்ணனுக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு டியூபை பர்னரில் மாட்டி, தீக்குச்சியைக் காட்டினார். புஸ்... குச்சிதான் அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும்!

"அம்புட்டுதான்! நான் சொன்னேன்ல?"

முருகேசன் உச்சுக் கொட்டினார். ஜெனிட்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கிட்டே வந்து பெட்டியைப் பார்த்தாள்.

"அப்பா... எந்த டியூப மாட்டுனீங்க?"

"தாளைத் தாண்டி வாரதைத்தான். மாவு சலிச்சா கீழ விழுறதுதான நமக்கு?"

"ஐயோ! இதுல தாண்டிப் போறதுதான்ப்பா கழிவு. தங்குறதுதான் நமக்கு!"

அவரை மட்டும் சொல்வானேன்? மாவோ காபியோ — சல்லடையைத் தாண்டி வந்ததைத்தானே நாமும் எடுத்துக்கொள்கிறோம்? தங்கினது சக்கை என்று கையே முடிவு கட்டிவிடுகிறது. மூளையை யார் கேட்டார்கள்?

டியூபை மாற்றி மாட்டினாள். குச்சியைக் காட்டியதுதான் தாமதம்... குப்பென்று நீலமாக, நிமிர்ந்து எரிந்தது!

"ஆத்தாடி! தாயி, இதை இங்கனயே விட்டுட்டுப் போயிரு" என்றார் முருகேசன். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் குனிந்து சுடரையே பார்த்தார்.

"ஸ்கூலுக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லிர்றேன். நீ படி ஆத்தா."

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரிடம் அண்ணன் சத்தமாக விளக்கிக்கொண்டு வந்தார்: "தங்குறதுதாங்க சரக்கு. நெறையப் பேருக்கு இது தெரியிறதில்ல!"