கூரை ஏறாத வீட்டில் இத்தா

என் தங்கச்சி ஸித்தி ஸுபைதா பதினோரு வருஷமாக என்னோடு இருக்கிறாள். பதுளைக் கடைத்தெருவில் என் பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதில் ஒன்றைப் பலகை அடித்துப் பிரித்து, ஒரு பாதியை அவளுக்குக் கொடுத்திருக்கிறோம். யாராவது வந்து, "தங்கச்சிய நல்லாத்தான் பாத்துக்கொள்றீங்க, ஸஹாப்தீன் நானா" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கதை தெரியாத ஆள் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். தெரிந்தே சொல்கிறவனுக்கு அன்றைக்குக் கடையில் சாமான் கிடையாது.

அவளுக்குச் சொந்த வீடு இருந்தது. வீடு என்றால் முழு வீடு இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஸுபைதாவைப் பதினேழு வயதில் புஹாரிக்குக் கட்டிக்கொடுத்தோம். புஹாரி பொட்டணி வியாபாரம் செய்கிறவர். துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, சம்பள நாள் பார்த்துத் தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவார். வரிசை வீடான லயத்துப் பெண்களுக்குச் சேலை, பிள்ளைகளுக்குச் சட்டைத்துணி. மழையா, பனியா, அந்த மனுஷனுக்கு ஒரு கணக்கும் இல்லை. பிள்ளை குட்டி கிடைக்கவில்லை. கல்யாணமான பதினைந்து வருஷத்தில் நாலு வாடகை வீடு மாறினார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மியைத் தூக்கி வண்டியில் வைக்கும்போது ஸுபைதா அழுவாள். "எழும்புங்க எண்டு யாரும் சொல்லாத ஒரு ஊடு வேணும் நானா. குருவிக்கூடு மாதிரி ஈந்தாலும் பரவாயில்ல" என்று அண்ணன் என்னிடம் சொல்லுவாள்.

எழுபத்திரண்டில் டவுனுக்கு மேலே, சரிவில் ஒரு துண்டு நிலம் வாங்கினார் புஹாரி. முன்னால் ஒரு ஹோல், இரண்டு அறை, பின்னால் சமைக்கக் குசினி என்று திட்டம். அத்திவாரம் வெட்டி கல் அடுக்கிய அன்றைக்கு ஸுபைதா மூன்று படி அரிசிக்குப் பால்சோறு ஆக்கி ஊருக்கெல்லாம் கொடுத்தாள். ஆறு மாதத்தில் குடிபோகிறோம் என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

ஆறு மாதமா! அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று இருந்தவர்களுக்குத் தெரியும். பாணுக்கு வரிசை, மாவுக்கு வரிசை. சீமெந்து என்றால் பெர்மிட் வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு வாசல் பார்த்திருக்க வேண்டியதுதான். மரம் கிடைத்தால் தகரம் கிடைக்காது. இரண்டும் கிடைத்தால் மேசன் பாஸ் கிடைக்கமாட்டார். எங்கள் பாஸ் வீரய்யா. மேலே ஒரு தோட்டத்தில் லயம் திருத்துகிற வேலை அவருக்கு. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். அதிலும் இரண்டு ஞாயிறு வந்தால் மூன்று ஞாயிறு வரமாட்டார். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற காலம்; அந்தப் பாஸ்போர்ட்டுக்காகக் கண்டிக்கு அலைந்துகொண்டிருந்தார், பாவம். ஆனால் அன்றைக்கு நான் பாவம் என்று சொல்லவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன்.

சீமெந்து இல்லாததால் செங்கல்லை மண் சாந்து வைத்தே கட்டினார் வீரய்யா. "பெர்மிட்டு கெடச்ச ஒடனே வெளியில பூசிரலாங்க, மொதலாளி. கூரையும் ஏறிட்டா செவுரு அசையாது" என்றார். பெர்மிட் வரவில்லை. நிலை மட்டத்துக்குச் சுவர் வந்து இரண்டு வருஷம் அப்படியே நின்றது. ஸுபைதா சும்மா இருக்கவில்லை. கூரையில்லாத ஹோலுக்குள் பூசணிக் கொடி படரவிட்டாள். அறைக்குள் மிளகாய்க் கன்று வைத்தாள். "ஹோலுக்குள்ள காய்ச்சது" என்று ஒரு பூசணிக்காயை எனக்குக் கொண்டுவந்து தந்து சிரிப்பாள். கடைத்தெருவில் புஹாரியைக் கண்டால், "என்ன, உங்கட ஊட்டுல பூசணிக்கா குடிபோயிட்டாமே?" என்று கேட்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஒவ்வொரு ஜும்ஆ தொழுகை முடிந்ததும் போய் அந்த மொட்டைச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார்.

எழுபத்தைந்து நடுவில் புஹாரிக்கு இருமல் பிடித்தது. மூட்டை தூக்க முடியவில்லை. பிறகு படியேற முடியவில்லை. நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். நான் மறைக்கத்தான் பார்த்தேன். ஆனால் புஹாரி என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

அவர் தனக்காகப் பயப்படவில்லை. அவர் பயம் இத்தாவைப் பற்றியது. புருஷன் மௌத்தானால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். புருஷனோடு கடைசியாக எந்த வீட்டில் இருந்தாளோ அதே வீட்டில், அந்நிய ஆண் கண்ணில் படாமல், வெளியே இறங்காமல். புஹாரி இருந்ததோ வாடகை வீடு. வீட்டுக்காரர் மொஹிதீன் ஹாஜியார் மகளுக்குக் கல்யாணம் முடிவாகி, ஹஜ்ஜுப் பெருநாளோடு வீட்டைக் கேட்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு தடவை தவணை கொடுத்த மனுஷன். நல்லவர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

"மச்சான்" என்றார் புஹாரி, மூச்சு வாங்க. "நான் இங்க மௌத்தானா அவ இத்தாவும் இங்கதான். பாதியில எழும்பச் சொல்லுவாங்க. இத்தாவோட அவ எங்க போவா? என்ன எங்கட ஊட்டுக்குக் கொண்டு போங்க. ஒரு அறைக்காவது கூர போடுங்க."

"அந்த ஈரத்துலயா?" என்று ஸுபைதா கத்தினாள். "அங்க போனா நெஞ்சுச்சளி கூடும். எனக்கு ஊடும் வேணாம் ஒண்டும் வேணாம். நீங்க இங்கயே படுங்க."

அவர் கேட்கவில்லை. நானும் அவர் பக்கம்தான் பேசினேன். பழைய தகரம் கொஞ்சம் தேடி எடுத்து, பின் அறைக்கு மட்டும் கூரையும் ஒரு கதவும் போட்டேன். நோன்பு நடுவில் அவரைக் கதிரையில் உட்காரவைத்து, நாலு பேராகத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினோம். பூசணிக் கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே பாதை எடுத்தோம்.

நோன்புப் பெருநாள் முடிந்து ஐந்தாம் நாள் புஹாரி மௌத்தானார். அதற்கு முந்தின நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் பக்கத்தில் இருந்தேன். ஸுபைதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி ஒன்ன எழும்பு எண்டு யாரும் சொல்லேலா" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கதவில்லாத வாசல் வழியாக ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனோம். அவள் வெள்ளை உடுத்தி, அந்த ஒற்றை அறையில் இத்தாவில் உட்கார்ந்தாள். என் மனைவி ஜெனீரா இரவில் துணைக்குப் போய்ப் படுத்துவிட்டு, விடிந்ததும் சமையலுக்கு வந்துவிடுவாள்.

மூன்று வருஷமாக வராத பெர்மிட், மௌத்தான மூன்றாம் நாள் வந்தது. ஆறு மூட்டை சீமெந்து. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூட்டைகளை வீட்டு மூலையில் கொண்டுபோய் அடுக்கினேன்.

ஒன்பதாம் நாள் காலை நான் அங்கே வாசலில் நின்றுகொண்டிருந்தபோது வீரய்யா வந்தார். ஞாயிறு இல்லை, செவ்வாய்க்கிழமை. கூட இரண்டு ஆட்கள். பின்னால் மாட்டு வண்டியில் தகரமும் கைமரமும்.

"கேள்விப்பட்டேங்க மொதலாளி. மனசே ஆறல" என்றார். "தோட்டத்துல பழைய லயம் ஒண்ண ஒடைச்சாங்க. தொரைகிட்ட கெஞ்சி இத வாங்கியாந்தேன். இந்தியா போக எனக்கு நாளு வந்திருச்சுங்க. அடுத்த மாசம் பாதியில ரயிலு. தலைமன்னார் போயி கப்பலு. அதுக்குள்ள அய்யா வீட்டுக்குக் கூரைய ஏத்திட்டுப் போயிரணும்னு இருக்கு. இல்லாட்டி அங்க போயும் எனக்குத் தூக்கம் வராது. பத்து நாளு குடுங்க, போதும்."

நான் சொன்னேன்: "முடியாது. தங்கச்சி இத்தாவுல ஈக்கிறா."

"தெரியுங்க. அம்மா உள் ரூம்புல இருக்கட்டும். நாங்க அந்தப் பக்கமே திரும்ப மாட்டோம். நான் ஏன் அவங்க மொகத்தப் பாக்கப் போறேன்?"

உள்ளே இருந்து ஸுபைதாவின் குரல் கேட்டது. "நானா, வரச்சொல்லுங்க. நான் அறைக் கதவ சாத்திக்கொண்டு ஈக்கிறேன். பத்து நாள்தானே. ஒரு வார்த்த பள்ளி ஹஸரத்துக்கிட்ட கேட்டுப் பாருங்களேன்."

நான் கேட்கவில்லை. பள்ளிவாசல் அங்கேயிருந்து கால் மணி நேர நடை. நடந்து போய் ஒரு வார்த்தை கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் தெரியுமா? என் மகள் ஸைனபுக்கு அப்போது மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். இத்தாவில் இருக்கிற மாமி வீட்டில் மூன்று ஆம்பிளைகள் கூரையில் ஏறி நின்றால் ஊர் என்ன பேசும்? மாப்பிள்ளை வீட்டார் காதில் அது எப்படிப் போய் விழும்? அதுதான் என் மண்டைக்குள் ஓடியது. மார்க்கத்தை நினைத்துச் செய்தேன் என்று இன்றைக்குச் சொன்னால் அது பச்சைப் பொய்.

"நாலு மாசம் பத்து நாள் போகட்டும். பிறகு பாப்போம்" என்றேன் வீரய்யாவிடம்.

"நாலு மாசத்துல நான் எங்க இருக்கப் போறேங்க?" என்றார் அவர். சுவரைத் தட்டிப் பார்த்தார். "இது மண்ணு வெச்ச செவுருங்க. தல மூடாம மழ புடிச்சா நிக்காது. இத்தன நாளு நின்னதே பெருசு. வேற பாஸ வெச்சாவது மூடிருங்க." தகரத்தையும் மரத்தையும் இறக்கி வைத்துவிட்டுப் போனார். வண்டிக்காரனுக்குக்கூட என்னிடம் ஒன்றும் வாங்கவில்லை.

வேறு பாஸ் வந்தாலும் ஆம்பிளைதானே. தனியாளாகத் தகரம் ஏற்ற முடியாமல், நானே ஏணி போட்டு ஏறி, சுவரின் தலையில் சாக்குப் போட்டேன், வாழை இலை போட்டேன், கல் தூக்கி வைத்தேன். கார்த்திகை மழை பிடித்தது. பதுளை மழை தெரியுமல்லவா, பிடித்தால் விடாது. முதல் காற்றிலேயே சாக்கெல்லாம் பறந்து சரிவில் கிடந்தது. மூலையில் அடுக்கிய சீமெந்து இறுகிக் கல்லாகிவிட்டது. சுவரிலிருந்து சிவப்புத் தண்ணீர் வடிந்து அறைக்குள் வர ஆரம்பித்தது. ஸுபைதா தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றுவாள். ஒரு தடவைகூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான்தான் சும்மா இருக்க முடியாமல் அவளோடு எரிந்து விழுந்தேன். "என்னால மட்டும் என்ன செய்ய ஏலும்?" என்று கத்தினேன். "நான் ஒண்டும் சொல்லலயே நானா" என்றாள்.

டிசம்பர் முதல் கிழமை முடிந்து, ஒரு திங்கட்கிழமை. மூன்று நாளாக விடாத மழை. காலை பத்து மணியிருக்கும். பக்கத்துக் கடைத் தையல்காரர் ஸலீம் தலையில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "ஸஹாப்தீன், ஓடுங்க! தங்கச்சிட ஊட்டுச் செவரு சாஞ்சிட்டு!"

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன். செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது. மேலே ஏறும்போதே ஆட்கள் நிற்பது தெரிந்தது. முப்பது பேராவது இருக்கும். ரோட்டில் போனவர்கள், கடைக்காரர்கள், தோட்டத்து லொறி ஆட்கள், எல்லாரும் ஆம்பிளைகள். காப்பாற்ற ஓடி வந்தவர்கள்தான். வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

ஹோல் சுவர் முழுதாக விழுந்து கிடந்தது. அது போகும்போது அறையின் நடுச்சுவரையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அறை அப்படியே ரோட்டுக்குத் திறந்து கிடந்தது. பாய், தலையணை, புஹாரியின் துணி மூட்டை, எல்லாவற்றின் மேலும் மழை. தகரக் கூரை ஒரு பக்கம் சரிந்து, ஒரே ஒரு மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, மிச்சமிருந்த மூலையில் என் தங்கச்சி நின்றாள். வெள்ளை உடுப்போடு, முகத்தைச் சுவரில் பொத்திக்கொண்டு, முதுகை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு. நனைந்த துணி உடம்போடு ஒட்டியிருந்தது. காலில் கல் பட்டு ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமா இப்பிடி நிக்கிறா?" என்று கேட்டேன்.

"அர மணித்தியாலம் ஈக்கும்" என்றார் ஒருவர். "இத்தாவுல ஈக்கிற பொம்புள. எப்பிடி நானா உள்ளுக்குப் போய்க் கையப் புடிக்கிற? நீங்க வரட்டும் எண்டுதான்..."

அவர்களைத் திட்ட வாயைத் திறந்தேன். ஆனால் ஒரு வீரய்யாவைத் திருப்பி அனுப்பியவன் நான். முப்பது பேரை அங்கே கூட்டி நிறுத்தியவனும் நான்தான். தகரத்துக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். என் சட்டையைக் கழற்றி அவள் தலையில் போட்டேன். மழையிலும் அவள் உடம்பு கொதித்தது.

"வாங்க, தங்கச்சி. என் ஊட்டுக்குப் போவோம்" என்றேன். நான் அழுதேன், அதை மறைக்கப்போவதில்லை.

அவள் அசையவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"வீரய்யாவக் கூட்டிக்கொண்டு வாங்க நானா. இப்ப வந்து கட்டச் சொல்லுங்க. எல்லாரும்தான் பாத்துட்டாங்களே."

வீரய்யாவின் ரயில் பதுளையிலிருந்து புறப்பட்டுப் பதினெட்டு நாளாகியிருந்தது. அது அவளுக்கும் தெரியும்.