சரஸ்வதி படத்தடியில் ஒரு லப்டொப்

எங்கள் வீட்டில் ஒரு மடிக்கணினி வாங்குவதற்கு மூன்று பெரியவர்கள் கூடினார்கள். அது உண்மையில் எதற்கென்று மூன்று பேருக்கும் நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டுவிட்டு, அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. அப்பாவின் கைப்பேசியில் கார் ஓட்டப் பந்தயம் விளையாடி, அதைப் பதிவு செய்து, கூடவே விளக்கமும் சொல்லி இணையத்தில் ஏற்றுவேன். பார்ப்பவர்கள் என்று என் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர். ஆனாலும் எனக்கு அது பெரிய உத்தியோகம். கைப்பேசியோ பாதி ஆட்டத்தில் சூடேறி நின்றுவிடும். இல்லாவிட்டால் எங்கள் தோட்டத்து வாழைக்குலை வாங்கும் வியாபாரி யாராவது அப்பாவுக்கு அழைப்பெடுத்து என் பதிவைக் கெடுத்துவிடுவார். இனி மடிக்கணினி இல்லாமல் சரிவராது என்று முடிவெடுத்து, அம்மாவிடம் படிப்புக்கு என்று சொன்னேன். எங்கள் பக்கத்தில் படிப்புக்கு என்று கேட்டால் அம்மாமார் காதில் கிடப்பதையும் கழற்றித் தருவார்கள்.

அம்மா உடனே சுவிஸிலிருக்கும் மாமாவுக்குச் சொன்னார். மாமா பணம் அனுப்பினார். பணத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நவராத்திரி ஆறாம் நாள் பின்னேரம் அம்மா, அப்பா, நான் மூவரும் நீர்வேலியிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக் கடைக்குப் போனால், அம்மாவின் கைப்பேசிக்குள் மாமாவும் வந்து நின்றார்.

கடையில் நின்ற அக்கா இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று தடித்த கறுப்பு. தனியாகக் கிராபிக்ஸ் காட் உள்ளது. ஆட்டத்தையும் பதிவையும் ஒரே நேரத்தில் தாங்கும். பிறகு வெட்டி ஒட்டித் தொகுப்பதையும் தாங்கும். எத்தனையோ மாதமாக நான் கனவு கண்டது அதைத்தான். மற்றது தட்டையான வெள்ளி நிறம். கடிதம் எழுத நல்லது.

"கறுப்புத்தான் நல்லது" என்றேன்.

"ஏன்?" என்றார் மாமா.

ஏனென்று சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். "விஞ்ஞானப் பாடத்திலை இதயத்தைச் சுத்திச் சுத்திக் காட்டுவினம், மாமா. அதுக்குக் கிராபிக்ஸ் காட் வேணும்."

"நாங்கள் இதயத்தைக் கொப்பியிலை கீறித்தான் படிச்சனாங்கள். என்ரை இதயம் ஒழுங்காத்தான் இருக்கு."

பிறகு கறுப்பைத் திறந்து காட்டச் சொன்னார். விசைகளுக்கு அடியில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. "உது விளையாட்டுக்காரரின்ரை சாமான். பிள்ளை கெட்டுப்போகும்" என்று அங்கிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அம்மா வெள்ளியைத் தூக்கிப் பார்த்து, "பாரமில்லை, ரியூசனுக்கும் கொண்டுபோகலாம்" என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடை அக்கா கெட்டிக்காரி. என் பக்கம் குனிந்து, "தங்கச்சி கேம் விளையாடுறனீங்களோ?" என்று மெதுவாகக் கேட்டார். அதற்கு ஓம் என்றிருந்தால் அலுவல் முடிந்தது. "சீ, இல்லை" என்றேன். பொய்யில் ஏறத் தெரிந்த எனக்கு இறங்கத் தெரியவில்லை. அக்கா பில்லை எழுதிக்கொண்டே, "சரிவராட்டி மூண்டு நாளைக்குள்ளை கொண்டு வாங்கோ, மாத்தித் தாறம்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரவே விளையாடிப் பார்த்து, இது இழுபடுகிறது, பழுது என்று சொல்லி மாற்றிவிடலாம்.

எங்கே மாற்றுவது? வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேரே சாமியறைக்குப் போனார்.

"நாளைக்குச் சரஸ்வதிக்குரிய நாள் தொடங்குது. முதல் அவவின்ரை காலடியிலை இருக்கட்டும். விஜயதசமியண்டு நல்ல நேரம் பாத்துத் திறப்பம்."

என் பாடப்புத்தகங்களுக்கு மேலே பெட்டி ஏறியது. பெட்டிக்கு மேலே சந்தனமும் குங்குமமும் ஏறின. புத்தகத்தைத் தொடக்கூடாத நாட்கள் என்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் துள்ளித் திரிய, நான் அவலும் கடலையும் தின்றுகொண்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒருக்கா வேலை செய்யுதோ எண்டு பாப்பமே, அம்மா?"

"சரஸ்வதிக்கு முன்னாலை வைச்சது வேலை செய்யாமல் விடுமோ?"

நான் இன்னொரு பிடி கடலையை அள்ளினேன்.

விஜயதசமியன்று நல்ல நேரத்தில் திறந்தோம். அம்மா முதலில் பிள்ளையார் சுழி அடிக்கச் சொன்னார். எந்த விசையில் அடிப்பது என்று தெரியாமல் 'உ' போட்டுச் சமாளித்தேன். பிறகு ஆளில்லாத நேரம் பார்த்து ஆட்டத்தைப் போட்டுப் பதிவை அழுத்தினேன். உள்ளே காற்றாடி அரிசி மில் மாதிரி இரைந்தது. படம் ஒரு பக்கம் போக, என் குரல் ஒரு பக்கம் போனது. கார் மதிலில் மோதிவிட்டது என்று நான் சொல்லி முடித்து, மூச்சும் விட்ட பிறகுதான் கார் போய் மோதியது. அழுகை வந்துவிட்டது. மாமாவையும் அம்மாவையும் மனதுக்குள் ஏசித் தீர்த்தேன். எல்லாரையும் விட அப்பா மேல்தான் கூடக் கோபம். கடையில் அவ்வளவு நேரம் நின்றும் எனக்காக ஒரு வார்த்தை கதைக்கவில்லையே.

இப்படி எல்லாரையும் குறை சொல்லிவிட்டேன். ஆனால் விஜயதசமிக்கு முதல் நாள், கடைக்காரர் மாற்றித் தருவதாகச் சொன்ன கடைசி நாள், காலையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும்.

அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்திலிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் வந்து நின்றார். தோட்டத்தால் வந்து மத்தியானத்தில்தான் தலை தோய்கிறவர், அன்று விடியவே தோய்ந்து, சுத்தமான வேட்டி கட்டியிருந்தார். குளிக்காமல் சாமியறைப் பொருள் எதிலும் கை வைக்க அம்மா விடமாட்டார்.

"நான் யாழ்ப்பாணம் போறன். அந்த லப்டொப்பைக் குடுத்திட்டுக் கறுப்பை எடுத்துக்கொண்டு வரட்டோ?"

"ஏனப்பா?"

"உனக்கு அதுதானே விருப்பம். ஏன் எண்டு நான் கேக்கமாட்டன்."

எங்கள் வீட்டில் 'ஏசமாட்டன், சொல்லு' என்று யாராவது தொடங்கினால், ஏச்சு விழப்போகிறது என்று அர்த்தம். அந்தப் பொறிக்குள் நான் விழுவேனா?

"இல்லையப்பா. வெள்ளிதான் விருப்பம். படிப்புக்கு அது காணும்."

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் சொல்லுறன்."

அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தடிமன் பிடிக்கப்போகிறது என்று சொல்லித் துவாயை எடுத்துக் கொடுத்தேன். துடைத்துவிட்டு, வேட்டியை மாற்றிப் பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். தப்பினேன் என்று மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தேன்.

அன்று அப்பா யாழ்ப்பாணம் போகவே இல்லை. அங்கே அவருக்கு வேறு அலுவல் எதுவும் இருக்கவில்லை என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.