ஒரே கயிற்றில் அளந்த கீரை நிலம்

விடிகாலையில் பறித்த அரைக்கீரையின் ஈர வாசனை... அதோடு அடையாற்றுச் சேற்று வாசனையும் கலந்து வரும். என் பத்து வயது முழுவதும் அந்த வாசனைதான்.

நாற்பதுகளின் கடைசி. நாங்கள் மந்தைவெளியில் குடியிருந்தோம். ஆற்றோரத்து பங்களா ஒன்றின் பின்பக்க நிலத்தை, கீரை போடுவதற்காக ஐந்து பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அதில் என் அம்மா ராஜம்மாவும் ஒருத்தி. பங்களாவுக்கு வேண்டிய கீரையைக் கொடுத்துவிட்டு, மீதியை மயிலாப்பூர் மாட வீதியில் விற்பாள்.

நிலத்தைப் பிரித்தவர் பங்களா கணக்குப்பிள்ளை. ஒரு நீளக் கயிற்றை வட்டமாக முடிந்து, நாலு முளை அடித்து, முளைகளைச் சுற்றிக் கட்டுவார். எல்லாருக்கும் அதே கயிறு. அதனால் எல்லாருக்கும் சமம் என்பது அவர் தீர்ப்பு.

ஆனால் பக்கத்து நிலத்துக் கன்னியம்மா அறுபது கட்டு எடுத்தால், அம்மாவுக்கு இருபத்தைந்துதான் தேறும். இரண்டு வருஷமாக இதே கதை.

ஒரு நாள் கணக்குப்பிள்ளை எல்லார் முன்னாலும் கேட்டார்:

"இன்னாம்மா ராஜம்மா, ஒரே கயிறுதானே? உனக்கு மட்டும் இன்னா கேடு? அடுத்த வாரமும் இப்டின்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் பரப்பளவு, சுற்றளவு நடத்தியிருந்தார்கள். கணக்கு எனக்குப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை, என் மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் நிலத்தை அளந்தேன். ஒவ்வொரு அடியாக வைத்து வைத்து... முழங்கால் தேய்ந்துபோனது.

அம்மாவின் நிலம் எழுபதடி நீளம், பத்தடி அகலம். வாய்க்கால் ஓரமாக நாடா மாதிரி கிடந்தது. கன்னியம்மாவுடையது நாற்பதுக்கு நாற்பது.

சுற்றிக் கூட்டினால் இரண்டுமே நூற்றறுபது அடி. பெருக்கினால் அம்மாவுக்கு எழுநூறு சதுர அடி. கன்னியம்மாவுக்கு ஆயிரத்து அறுநூறு!

இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அம்மாவிடம் சொன்னபோது "சும்மா கெட பாப்பா, பெரிய எடம்" என்றாள்.

மறுநாள் கணக்குப்பிள்ளை வந்து அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, நான் முன்னால் போய் நின்றேன். பெண்களிடம் கூடைகளை வாங்கினேன். எல்லாம் ஒரே அளவு வட்டக் கூடைகள். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என்று நெருக்கி வைத்து, ஒரு கயிற்றால் சதுரமாகச் சுற்றி முடிந்தேன். உள்ளே ஒன்பது கூடை.

பிறகு முடிச்சை அவிழ்க்காமல் அதே கயிற்றை நீளமாக இழுத்து, ஒரு கூடை அகலத்துக்குப் பிடிக்கும்படி பெண்களிடம் சொன்னேன். ஐந்து கூடைதான் உள்ளே போனது. நாலு வெளியே.

"கயிறு ஒண்ணுதான் ஐயா. உள்ள புடிக்கிறதுதான் வேற."

கணக்குப்பிள்ளை குனிந்து கூடைகளை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். கன்னியம்மாதான் முதலில் வாய் திறந்தாள்.

"அட, ஆமா ஐயா... கொயந்த சொல்றது நாயமாத்தான் கீது."

"சரி, அடுத்த வெதைப்புக்கு நீளம் அகலம் பாத்தே பிரிக்கிறேன்" என்றார் அவர். முகம் சுண்டிப்போயிருந்தது. ஆனால் சொன்னபடி செய்தார். அதுவரைக்கும் தன் நிலத்தில் நாலு பாத்தியை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தாள் கன்னியம்மா.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"ரெண்டு வருசமா, என் கைதான் வெளங்காத கைன்னு நெனச்சிக்கினு இருந்தேன் பாப்பா."

போன மாதம் என் பேத்தி அடையாறில் ஒரு ஃபிளாட் பார்த்தாள். வழவழப்பான தாளில் ஒவ்வொரு அறைக்கும் நீளம், அகலம், சதுர அடி எல்லாம் அச்சாகியிருக்கிறது. குறைந்தால் கேள்வி கேட்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். கேட்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. நல்லதுதான்...

அம்மா இருந்திருந்தால் அந்தத் தாளைக் கையில் வாங்கியிருப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும், "இதுல நீளம் எது, அகலம் எது, காட்டு" என்று கேட்காமல் விட்டிருக்க மாட்டாள்.