கேட்டில் ஒரு கிரிமினாலஜி பட்டதாரி

போன சனிக்கிழமை போடிமெட்டு ஏறினேன். மேலே ஏலக்காய் எஸ்டேட் வைத்திருக்கும் நண்பர், "விசேஷத்துக்குக் கடையில வாங்காதய்யா, நேர்ல வா, நல்ல காயாத் தர்றேன்" என்று கூப்பிட்டிருந்தார். வளைவுக்கு வளைவு காது அடைத்ததே தவிர, மனசுக்கு ஒரு குறையும் இல்லை... சாயங்காலம் நாலு மணி வரைக்கும்.

நாலு மணிக்குக் காய் எடுக்கிற பெண்கள் கேட்டில் வரிசை கட்டுவார்கள். தூக்குவாளியைத் திறந்து காட்ட வேண்டும், மடியை உதற வேண்டும். நாலு காய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏற விடுவார்கள். தினமும் நடப்பதுதான். யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

அன்றைக்கு நீலச் சட்டையும் தொப்பியுமாகச் சோதனை போட்டுக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். நந்தினி! எங்கள் தெரு பாண்டியம்மாளின் மூத்த மகள்.

வரிசையில் ஏழாவது ஆளாகப் பாண்டியம்மாள்.

இந்த இடத்தில் என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் பாண்டியம்மாள் ஒரு கல்லூரி நோட்டீஸோடு என் வீட்டுக்கு வந்தாள். பி.எஸ்சி. கிரிமினாலஜி. அட்டையில் ஒரு பெண் விறைப்பாகச் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இதப் படிச்சா போலீசாகிறலாம்ல?"

வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிற ஆள் நான். தெரியாது என்று சொன்னால் என் கௌரவம் என்னாவது? உள்ளே ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. "ஜம்முனு ஆகலாம்மா" என்றேன்.

எஸ்.ஐ. பரீட்சை எழுத ஏதாவது ஒரு டிகிரி போதும். பஸ் பாஸில் பக்கத்து ஊருக்குப் போய்த் தமிழோ கணக்கோ படித்திருந்தாலும் அதே ஹால், அதே கேள்வித்தாள். இந்த விவரம் எனக்குத் தெரிய வந்தபோது நந்தினி பட்டமே வாங்கிவிட்டாள்.

சேர்ந்த வாரமே சொந்தக்காரர்கள் தெருமுனையில் 'வருங்கால எஸ்.ஐ.' என்று ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். இப்போது அது ஆட்டுக் கொட்டகைக்கு மேலே கிடக்கிறது. மழை ஒழுகுவதில்லை. அந்தப் படிப்பால் இதுவரை ஆடுகளுக்குத்தான் லாபம்.

ஃபீஸ், ஹாஸ்டல், பஸ், புத்தகம்... எல்லாம் சேர்த்து மூன்று லட்சம். ரெண்டு மாடு போனது, சங்கிலி போனது, மிச்சத்துக்கு மகளிர் குழு லோன். பரீட்சையில் நாலு மார்க்கில் கோட்டை விட்டாள். அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கும்போது வயிறு காத்திருக்குமா? துப்பறியும் ஆபீஸ், பேங்க், கடை என்று ஏறி இறங்கினாள். 'கிரிமினல்' என்ற எழுத்தைப் பார்த்து மயங்கிய ஒரே இடம் இந்த எஸ்டேட். "திருட்டக் கண்டுபிடிக்கவே படிச்ச பொண்ணுய்யா!" என்று பெருமையோடு வேலை கொடுத்தவர், சாட்சாத் என் நண்பர்தான். அன்றைக்குத்தான் முதல் நாள். மாதம் பதினோராயிரம். காய் சீசனில் அவள் அம்மா அதைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறாள்.

கேட்டுக்கு வருவோம். அம்மாவின் முறை வந்தது. நந்தினியின் கை அப்படியே நின்றுவிட்டது. பின்னாலிருந்து மலையாளி சூப்பர்வைசர் குரல் கொடுத்தார்: "மோளே, எல்லாரையும் நோக்கணும் கேட்டோ!"

பாண்டியம்மாளே தூக்குவாளியைத் திறந்து கவிழ்த்தாள். ரெண்டு பருக்கை விழுந்தது. முந்தானையை அவிழ்த்து, மடியை உதறி, கையை விரித்து நின்றாள்.

"நல்லாப் பாரு ஆத்தா. பெத்தவன்னு விட்டுட்டான்னு நாளைக்கு எவனாச்சும் சொன்னா ஒஞ்சோலி போயிரும்."

நந்தினி பார்த்தாள். தலை நிமிராமல், ஒவ்வொரு மடிப்பாக. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நண்பர் கொடுத்த ரெண்டு கிலோ ஏலக்காயை யாருமே சோதிக்கவில்லை என்பதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

இறங்கும்போது அவர்கள் ஜீப்பிலேயே எனக்கும் இடம் கிடைத்தது. ஏழெட்டு வளைவு தாண்டியது. பிறகு நந்தினிதான் ஆரம்பித்தாள்.

"ஒருத்தரக் கேவலப்படுத்தாம எப்படிச் சோதனை போடணும்னு எங்களுக்குத் தனிப் பாடமே உண்டு மாமா. எழுபத்தெட்டு மார்க் வாங்குனேன்."

"நல்ல மார்க்காச்சேம்மா" என்றேன். இப்படிக்கூட ஒரு மனுஷன் உளறுவானா!

"வரிசையில ஆத்தா வந்தா என்ன செய்யணும்னு அதுல இல்ல மாமா" என்றாள்.

பாண்டியம்மாள் காதில் வாங்காதவள் போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாளா, காற்றில் கண் கலங்கியதா... நான் உற்றுப் பார்க்கவில்லை. முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இருந்தால் தேவலை என்று நினைத்தேன். துளிக்கூட இல்லை. அதே பழைய மரியாதை, அதே நம்பிக்கை.

"அண்ணே, சின்னவ பன்னெண்டு முடிச்சிட்டா. நாலும் தெரிஞ்சவுக நீங்க... அவள என்ன படிக்க வைக்கலாம்?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

மூன்று லட்ச ரூபாய் லேட்டாக.