பூஜைக்குள் போன எதிரி ராஜா

மகாராஜாவின் பட்டாளத்துக்குத் தலைவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர் ஆபீசில் நான் இரண்டு வருஷமாகத் தற்காலிக குமாஸ்தா. சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் பார்த்த என் மாமா, "வேல ஸ்திரமாட்டும் மருமவனே, பொறவு பொண்ணப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டார். மாமன் மகளுக்காகத்தான் நான் பேனாவே பிடித்தேன்.

துரையின் நாற்காலிக்குப் பின்னால் ஓர் அயல்நாட்டு ராஜாவின் படம். துரையின் பழைய சீமைப் பட்டாளத்துக்கு அவர் கௌரவத் தளபதி. இங்கிலாந்து ராஜ குடும்பத்தோடு என்றோ கொண்டு கொடுத்த சம்பந்தமாம். அந்தப் பட்டாளத்தோடு அவர் ஒரு மைல்கூட நடந்ததில்லை. சிவப்புக் கோட்டு மட்டும் கச்சிதம். அவர் பிறந்தநாளில் நாங்கள் வரிசையாக நின்று படத்துக்குச் சலாம் வைப்போம். எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

பிறகு யுத்தம் வந்தது. எதிரி அதே ராஜா! படத்தைக் கழற்றினால் பட்டாளத்துக்கு அவமானம், மாட்டியிருந்தால் ராஜத் துரோகம். துரை இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தார். இந்த லட்சணத்தில் மறுநாள் வெள்ளைக்கார சர்க்காரின் பிரதிநிதியான ரெசிடென்ட் பார்வையிட வருவதாகத் தகவல். தகவல் வந்த அன்று துர்காஷ்டமி, ஏடுகளைப் பூஜைக்கு வைக்கும் நாள்.

"கணக்குப் புத்தகத்தோட அவரையும் பூஜ வச்சுருவோம் டே" என்றார் தலைமை குமாஸ்தா. "பட்டப் போட்டு மூடிட்டா தசமி வர ஒருத்தனும் தொடமாட்டான், கேட்டியா?"

ராஜா பட்டுக்கடியில் போனார். என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. சரஸ்வதியும் ஆசீர்வதிக்கட்டுமே என்று அதையும் உள்ளே வைத்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

மறுநாள் வந்த ரெசிடென்ட் பட்டைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். உள்ளூர் தெய்வத்துக்கு இத்தனை மரியாதையா என்று துரையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு ஒரு தந்தியை நீட்டினார். துரை தம் பழைய பட்டாளத்தில் உடனே சேர வேண்டும்.

மத்தியானமே வாசலில் வண்டி வந்து நின்றது. புறப்படும்போது துரை என்னைப் பார்த்து, கையெழுத்துக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். பையிலிருந்து பேனாவைக்கூட எடுத்துவிட்டார். பட்டு மூன்றடி தூரத்தில் இருந்தது.

"தொட்டா தோஷமாக்கும்" என்று முணுமுணுத்தார் தலைமை குமாஸ்தா.

பயந்துவிட்டேன். "நாளைக் காலையில், சார்" என்றேன்.

துரை என்னை ஒரு மாதிரி பார்த்தார். பேனாவை மூடினார். ராஜாவுக்கோ சரஸ்வதிக்கோ, பட்டுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து வந்த துரை, கையெழுத்தில்லாத காகிதத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை; தற்காலிகமாகவே தொடரச் சொன்னார். மாமா தை மாதம் வரை பொறுத்தார். மாமன் மகள் கல்யாணத்தில் எனக்குப் பந்தி விசாரிக்கும் வேலை. மாப்பிள்ளை இலையில் இரண்டாம் தடவை பிரதமன் பாயசம் விட்டது நான்தான்.