ஒரோசிம்போவுக்கு நான்கு வழியனுப்பு

எங்கள் தெருவில் ரொட்டி வாங்க வருகிறவர்கள் கடைக் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் திறப்பார்கள். உலகத்தின் தென்கோடி ஊரான புந்தா அரேனஸின் காற்று அப்படி. கொஞ்சம் விட்டால் கதவு கீலோடு போய்விடும். அதை மறுபடி மாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள், எனக்குத் தச்சு வேலை. அந்தக் கடையில் ரொட்டி சுடுகிறவன் ஒரோசிம்போ கார்கமோ. அவன் தங்கையைத்தான் நான் கட்டியிருக்கிறேன்.

பருத்த ஆள். மாவு பிசையும்போது மாதா பாட்டை விசிலில் பாடுவான். அப்படிப் பாடலாமா கூடாதா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எங்கள் பங்குச் சுவாமி அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை, ரொட்டியை மட்டும் சூடாக வாங்கிக்கொண்டு போவார்.

பனிக்கண்டத்து ஆராய்ச்சி நிலையத்துக்கு நான் கோடையில் கதவு, ஜன்னல் சரிபார்க்கப் போவதுண்டு. அங்கே சமையல்காரர் உண்டு, ரொட்டி சுடுகிறவர் அப்போது கிடையாது. ஒரோசிம்போ சுட்ட ரொட்டிதான் மூட்டை மூட்டையாக விமானத்தில் போகும். முதல் தடவை நான் திரும்பி வந்ததும் அவன் கேட்டது இதைத்தான்:

"என் ரொட்டி அங்க எப்படி மச்சான் இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அறுக்கத்தான் கொஞ்சம் நேரமாச்சு."

"ஏன், கத்தி மொட்டையா?"

"கத்தி எங்க? என் ரம்பத்தாலதான் அறுத்தேன். மூட்டை வெளியிலயே உறைஞ்சு கெடந்துச்சு."

நான் சிரித்துக்கொண்டு சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த மாவைப் பலகையில் வைத்துவிட்டு, "என் ரொட்டிய மரம் அறுக்குற மாதிரி அறுத்தியா?" என்று கேட்டான். பிறகு, "அங்கயே போய்ச் சுடணும்" என்றான். அன்றைக்குப் பிடித்தது அந்த ஆசை.

ஒரு வருடம் முழுக்கத் தங்குகிற வேலைக்கு நல்ல உடம்பு வேண்டும். முதலில் பல் சரியில்லை என்றார்கள், நான்கு பல்லைப் பிடுங்கிக்கொண்டான். அடுத்த வருடம் குடல்வால் இருக்கிறது என்றார்கள். குளிர்காலத்தில் அங்கே யாருக்காவது குடல்வால் வீங்கினால் தூக்கிவர வழியில்லை, அதனால் எடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். ஒரோசிம்போ வயிற்றில் ஒரு வலியும் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், "இத எடுத்துடுங்க, எனக்கு வேலைக்கு இடைஞ்சலா இருக்கு" என்று கேட்டான். அவர்களும் எடுத்துவிட்டார்கள். கடைசியில் பிரஷர் வந்து நின்றது. அவன் மனைவி ஒத்தீலியா வீட்டு உப்பு ஜாடியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து ஒளித்துவைத்தாள். உப்பில்லாத கஞ்சியும் உப்பில்லாத மீனும் தின்று தின்று, போன கோடையில் ஒருவழியாகத் தேறிவிட்டான். நிலையத்தின் ரொட்டிக்காரன் என்று அவன் பெயரை எழுதிவிட்டார்கள்.

ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. ஒவ்வொரு தடவை விமானம் ஏறும் முன்பும் பிரஷர் பார்ப்பார்கள். கூடியிருந்தால் அவன் நின்றுவிட வேண்டும். அவனுக்குப் பதில் போக, தலைநகரிலிருந்து வந்த ஒரு சமையல்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓட்டலில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பனிக்கு ஒரு வருடம் தங்கப் போகிறவனைத் தெருவே சேர்ந்து ஆடு சுட்டுத்தான் அனுப்பும். ஆட்டை இரும்புச் சிலுவையில் விரித்துக் கட்டி, விறகுத் தீக்கு முன்னால் நிறுத்தி, உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சுடுவார்கள். போகிறவன் தட்டு காலியாகவே இருக்கக் கூடாது. வேண்டாம் என்று அவன் சொன்னால், உங்களிடம் திரும்பி வர எனக்கு விருப்பமில்லை என்று சொன்னதற்குச் சமம். இரண்டு மாதத்தில் திரும்பிவிடுகிற என்னைப் போன்றவனுக்கு ஒரு கோழிக்கால்கூடக் கிடையாது, அது வேறு விஷயம்.

ஆடு சுடுவதில் மெலானியா அக்காவை மிஞ்ச ஆளில்லை. கணவனை இழந்தவள், குரல் மட்டும் கப்பல் சங்கு மாதிரி. முதல் வழியனுப்பில் அவள் ஒரோசிம்போவின் தட்டில் ஒரு முழு விலாவைப் போட்டாள். "தின்னுடா குண்டா, அங்க பெங்குவினத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்" என்றாள். அக்கார்டியன் வாசித்தார்கள். வைனும் ஓடியது.

மறுநாள் பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது. ஆனாலும் விட்டுவிட்டார்கள்.

விமானம் ஏறும் முன் பூட்ஸைத் துலக்கி, உடுப்பின் பைகளையெல்லாம் வெளியே இழுத்துக் குழாய் வைத்து உறிஞ்சுவார்கள். ஒரு விதைகூட அந்த மண்ணில் விழக் கூடாது. ஒரோசிம்போவின் பையிலிருந்து சோம்பு விதையாகக் கொட்டியது. சோதனை செய்த பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"என்ன சார், ஒரு தோட்டத்தையே கொண்டு போறீங்களா?"

"ரொட்டிக்காரன் பையில வேற என்னம்மா இருக்கும்?" என்றான் இவன்.

அது சரக்கு விமானம். என் கோடை வேலைக்கு நானும் அதில்தான் போனேன். பக்கவாட்டில் வலை ஆசனம். எதிரில் இருக்கிறவர் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். நடுவில் எங்கள் பெட்டிகளெல்லாம் ஒரு மலை போலக் கட்டிக்கிடக்கும். தலைக்கு மேல் அனல், காலுக்குக் கீழே உறைபனி. சத்தம் சொல்லி முடியாது, காதில் நுரைப் பஞ்சை அடைத்துக்கொண்டு எல்லோரும் ஊமைகளாகி விடுவோம். கழிப்பிடம் என்பது பின்பக்கம் ஒரு திரை, ஒரு வாளி. ஆரஞ்சு நிறத்தில் உடம்பு முழுக்க ஒரே அங்கி போட்ட ஒரோசிம்போ அந்தத் திரைக்குப் பின்னால் போனவன் வெகுநேரம் வரவில்லை. நான் போய்த்தான் ஜிப்பை விடுவித்தேன். எதிரே இருந்த விஞ்ஞானிகள் சத்தமில்லாமல் கைதட்டினார்கள்.

கீழே கடல், மணிக்கணக்காகக் கடல். பிறகு முதல் பனிப்பாறை. அவன் வட்ட ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு கையை நெஞ்சில் வைத்திருந்தான். நான் ஜெபமாலையை எடுத்தேன்.

அங்கே இருப்பது சரளைக்கல் ஓடுபாதை. விமானி கண்ணால் பார்த்தால்தான் இறக்குவார். விமானம் ஒரு சுற்று சுற்றியது, இரண்டாவது சுற்றும் சுற்றியது. வெளியே பால் ஊற்றியது போல மூடுபனி. சரக்குப் பொறுப்பாளர் சார்ஜென்ட் உல்லோவா நடுவில் வந்து நின்றார். கட்டைவிரலைத் தூக்கினால் இறங்கப் போகிறோம் என்று அர்த்தம். அவர் ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். வந்த வழியே திரும்பினோம்.

பெட்டிகளை இறக்க மாட்டார்கள், அடுத்த பயணத்துக்கு அப்படியே கட்டிக்கிடக்கும். அதனால் ஒரோசிம்போ ஆரஞ்சு அங்கியோடும் பனிப் பூட்ஸோடும்தான் தெருவுக்குள் வந்தான். வீட்டுக்குள் ஒத்தீலியாவின் பூப்போட்ட செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தான்.

மெலானியா அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, பூமி உருண்டைன்னு பாத்துட்டு வந்துட்டியா?"

"மூடுபனிக்கா."

"மூடுபனியாவது ஒண்ணாவது. முதல் ஆடு பலிக்கல, அவ்வளவுதான். வேற ஆடு பாக்கணும்."

இரண்டாவது ஆடும் சுட்டார்கள். இரண்டாவது தடவை காற்று குறுக்கே அடித்து விமானத்தைத் திருப்பி அனுப்பியது. அவன் வீட்டுக்கு வந்து சேரும் முன்பே மூன்றாவது ஆட்டைச் சிலுவையில் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டுக்கும் உப்பு, ஒவ்வொரு ஆட்டுக்கும் வைன். வேண்டாம் என்று அவனால் சொல்ல முடியுமா?

மூன்றாம் தடவை ஏறும் முன், பிரஷர் பார்க்கிற டாக்டர் ஹசிந்தா அவன் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். சின்ன வயது, நல்ல பெண், கண்டிப்பும் அதிகம். அவனை ஒரு மூலையில் உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, மறுபடி பார்த்தார். மயிரிழையில் இறங்கியிருந்தது.

"இன்னைக்கு விடறேன். அடுத்த தடவையும் இப்படி இருந்தா மத்தவரத்தான் ஏத்துவேன். அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

அன்றைக்கும் மூடுபனி. உல்லோவா வட்டம் போட்டபோது ஒரோசிம்போ என் முழங்கையைப் பிடித்தான். அத்தனை சத்தத்திலும் அவன் உதடு சொன்னது எனக்குப் புரிந்தது: "மச்சான், நாலாவது ஆடு."

வீட்டுக்கு வந்ததும் ஒத்தீலியா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "உப்பு ஜாடிய ஒளிச்சு வெச்சு என்ன பிரயோஜனம் அண்ணே? தெருவே சேர்ந்து இவருக்கு உப்பு ஊட்டுது" என்றாள். எனக்கும் ஒரு வழியும் தோன்றவில்லை. மாதாவிடம் சொல்லிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு மெலானியா அக்கா வீட்டுக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் அக்காவின் முகம் சிவந்தது.

"என் ஆடு அவனுக்கு விஷமா?"

"விஷம்னு சொல்லலக்கா..."

"பின்ன? என் புருஷனுக்கு இந்தக் கையாலதான் ஆடு சுட்டுப் போட்டு அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தாரு. கடைசியில இந்தக் கட்டில்லதான் செத்தாரு, பனியில இல்ல."

"எங்க வீட்டுக்காரரால போகவே முடியாமப் போயிடும்க்கா" என்று ஒத்தீலியா சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். "ஆறு வருஷமா இந்த மனுஷன் இது ஒண்ணுக்காகத்தான் தெனம் காலையில எழுந்திரிக்கிறாரு."

அக்கா குவளையிலிருந்த மாட்டே இலைத் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாள். பிறகு குவளையைக் கீழே வைத்தாள்.

"வழியனுப்பு நடக்கணும். அவன் தின்னக் கூடாது. அவ்வளவுதானே? அவன் இல்லாமலே வழியனுப்பிட்டாப் போச்சு!"

அடுத்த நாள் மத்தியானம் தெருவில் தீ மூட்டினார்கள். நடுவில் ஒரு நாற்காலி. அதில் ஒரோசிம்போவின் மாவு படிந்த ஏப்ரனைச் சாத்தி, காற்றில் பறக்காமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஏப்ரனுக்கு முன்னால் ஒரு தட்டு, ஒரு கிளாஸ். ஒவ்வொருவராக வந்து ஏப்ரனிடம் கைகொடுத்து, நல்லபடியாகப் போய் வா என்று சொன்னார்கள். ஒரு கிழவர் அதற்கு முத்தமும் கொடுத்தார்.

ஏப்ரனுக்குச் சொந்தக்காரன் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தான். அவன் முன்னால் ஒரு கிண்ணம் வேகவைத்த பூசணிக்காய்.

"மச்சான், ஜன்னல மூடு."

"மூடித்தான் இருக்கு."

"வாசனை வருதே! அது தொடைக்கறி. எனக்குத் தெரியும்."

"பூசணியத் தின்னு."

"பூசணி! பன்னிக்குப் போடறதை..."

"ஜெபமாலை சொல்லலாம் வா" என்றேன்.

சொன்னோம். நான் ஆரம்பிப்பேன், அவன் முடிப்பான். மாலையின் மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போது வெளியே அக்கார்டியன் அவனுக்குப் பிடித்த பாட்டை வாசித்தது. அவன் கால் தாளம் போட்டது, வாய் மட்டும் ஜெபத்தை விடவில்லை. கடவுள் அதைத் தப்பாக எடுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அந்த மணிகள் முடிந்ததும் கேட்டான்:

"அவங்க எம்மேல கோவமா இருக்காங்களா மச்சான்?"

"கோவமா? உன் ஏப்ரன் கூட ஆடிக்கிட்டு இருக்காங்க."

எட்டிப் பார்த்தான். மெலானியா அக்கா நாற்காலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சுழன்று கொண்டிருந்தாள். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். அத்தனை நாளில் அப்படி அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுப் படுத்தவன், குறட்டை விட்டு நன்றாகத் தூங்கினான்.

காலையில் டாக்டர் ஹசிந்தா பட்டையைக் கட்டிப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு கையிலும் கட்டிப் பார்த்தார்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"பூசணிக்காய் டாக்டர். கூடவே ஜெபமாலை."

"ரெண்டையும் அங்கயும் விட்டுடாதீங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நான்காம் தடவை வலை ஆசனத்தில் உட்கார்ந்ததும் எங்களுக்கு எல்லாமே சொந்த வீடு போலாகிவிட்டது. யார் எங்கே இடிப்பார்கள், யாருக்கு எப்போது வாந்தி வரும் என்பதுவரை தெரியும். ஒரோசிம்போ தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த இனிப்பை எதிரே இருந்த விஞ்ஞானிக்குக் கொடுத்து, அவர் ஆரஞ்சுப் பழத்தை வாங்கிக்கொண்டான். கடல் போனது. பனிப்பாறைகள் வந்தன. விமானம் ஒரு சுற்று சுற்றியது. அடுத்த சுற்றில் நாங்கள் யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, உல்லோவாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் கட்டைவிரலைத் தூக்கினார்.

சரளையில் சக்கரம் உரசியது. விமானம் குலுங்கிக் குலுங்கி நின்றது. பின்கதவு கீழே சாய்ந்ததும் வெள்ளை வெளிச்சம் உள்ளே கொட்டியது, கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒரோசிம்போ சிலுவை போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினான். பனியில் முதல் அடி வைத்ததும் அப்படியே நின்றுவிட்டான். பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது.

"நகருங்கய்யா, இங்கயே கடை போடப் போறீங்களா?" என்று உல்லோவா கத்தினார்.

நகர்ந்தான். நிலையத் தலைவர் கைகொடுக்க வந்தார். இவன் கையைக் கொடுத்துக்கொண்டே, "ரொட்டி அடுப்பு எங்க சார்?" என்று கேட்டான். பெட்டியைக்கூடத் திறக்காமல் மாவு பிசைய ஆரம்பித்துவிட்டான். சமையலறை வாசலில் ஒவ்வொருவராக ஏதோ வேலை இருப்பது போல வந்து நின்றார்கள். நானும்தான் நின்றேன்.

சாயங்காலம் ஊருக்குப் பேச எங்களுக்கு ஒரு தொலைபேசி கொடுத்தார்கள். தெருவே எங்கள் வீட்டில் கூடியிருந்தது. ஒத்தீலியா சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அடுத்து மெலானியா அக்கா வாங்கினாள். அவள் பேச்சுக்குத் தொலைபேசியே தேவைப்படாது போல இருந்தது.

"இறங்கிட்டியாடா குண்டா?"

"இறங்கிட்டேன்க்கா!"

"பாத்தியா? நீ இல்லாமப் பண்ணினதுதான் பலிச்சுது. இனிமே யாரு போனாலும் இப்படித்தான். போறவனுக்குப் பூசணி, எங்களுக்கு ஆடு. தெருவில எல்லாருக்கும் சம்மதம்."

ஒரோசிம்போ பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் உள்ளே அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை என் கையில் திணித்தான்.

"மாவு பொங்குது மச்சான், நீயே பேசு" என்று ஓடினான்.